அலமாரிக்குள் இருந்த அப்பா

எங்கள் வீட்டில் ஓர் அலமாரி இருந்தது. அம்மா மட்டும் அதைக் கடைசிவரை அலமாரி என்று சொன்னதில்லை. "நிக்கிற பொட்டி" என்பாள். "அந்த நிக்கிற பொட்டியில என் வெள்ளப் பொடவ இருக்கும், எடுத்தா" என்பாள். விருந்தாளிகள் யாராவது வந்திருந்தால், நின்றுகொண்டிருக்கும் பெட்டி எது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவோம்.

காரணம் அப்பாவின் பெயர். முழுப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை நான் எதற்குப் போட்டு உடைக்க வேண்டும்? முதல் பாதி போதும்: மாரி. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எங்கள் வீட்டு வரிசையில் இருந்த எல்லா அம்மாக்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஆனால் மற்றவர்களின் புருஷன்மார் பெயரெல்லாம் ஒழுங்காக அவரவர் சட்டைக்குள் கிடந்தன. எங்கள் அப்பா பெயர் அலமாரிக்குள் இருந்தது. அம்மன் கோயிலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை வந்தால் கையோடு எடுத்து வீச எல்லோரும் வைத்திருந்த 'மொள்ளமாரி' என்ற வசவிலும் இருந்தது. அதனால் அம்மா கோயிலை 'ஆத்தா கோயில்' என்றாள், சண்டையை 'சீ, போ' என்ற இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டு தோற்றுப்போய் உள்ளே வந்தாள்.

இதெல்லாம்கூடப் பெரிய தொல்லை இல்லை. வந்து சேர்ந்த நாடுதான் தொல்லை. மலாயில் 'மாரி' என்றால் 'வா' என்று அர்த்தம்.

கல்யாணமாகிக் கப்பலேறி வந்த அம்மா, போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் கால் வைத்ததும் வைக்காததுமாக, ஒரு மலாய்க்காரர் கையை ஆட்டி ஆட்டி "மாரி! மாரி!" என்று கூட்டத்தையே கூப்பிட்டாராம். அட, நம் வீட்டுக்காரரை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறதே என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. கூட்டத்தில் அப்பாவைத் தேடித் தேடிப் பார்த்தாளாம். அப்பா பக்கத்திலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். இந்தக் கதையை அப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மா பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்கான், அந்தச் சாக்கடையைத் தாண்டினால் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் தண்டவாளங்கள். அங்கேதான் அப்பாவுக்கு வேலை. ரயில் பெட்டிகள் எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பாதைக்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அவர். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வேலை செய்த யார்டு அது. ஒருவரை ஒருவர் கூப்பிட அவர்களுக்கு வாய்த்த பொதுச்சொல் 'மாரி' ஒன்றுதான். வந்த புதிதில் யார் யாரைக் கூப்பிட்டாலும் அப்பா ஓடிப்போய் நிற்பாராம். பிறகு சலித்துப்போய் அந்தச் சொல்லுக்குத் திரும்புவதையே விட்டுவிட்டார். பெயரை முழுசாகச் சொன்னால்தான் தலையைத் திருப்புவார்.

அம்மாவால் அப்படிக் காதை மூடிக்கொள்ள முடியவில்லை. பாசாருக்குச் சாமான் வாங்கப் போனால் மீன்காரர், கீரைக்காரர், கோழிக்காரர் எல்லோரும் அவள் புருஷன் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ மாமனார் முன்னால் நடப்பதுபோல் தலையைக் குனிந்து நடப்பாள். அண்ணன் சும்மா இருக்கமாட்டான்.

"அம்மா, அந்தக் கோழிக்காரருக்கு அப்பாவத் தெரியுமாம்மா?"

"வாய மூடுடா."

"அந்த மீன்காரரும் அப்பாவத்தான் கூப்பிடறாரு. கடனா இருக்குமோ?"

அம்மாவின் கை பின்னால் வந்து அண்ணனின் காதைப் பிடிக்கும். பார்க்காமலேயே பிடிப்பாள். அது ஒரு திறமை.

வாசலில் காய்கறி கொண்டுவரும் சீனக் கிழவரைக் கூப்பிடுவதுதான் தினசரிப் பிரச்சினை. தோளில் தடியும் தடியின் இரு முனையில் கூடையுமாக "சயூர்! சயூர்!" என்று அவர் வேகமாகப் போய்விடுவார். வரிசையில் மற்ற பெண்கள் "மாரி, அப்பே!", அதாவது 'வாங்க பெரியவரே' என்று ஒரு குரல் கொடுத்தால் நின்றுவிடுவார். அம்மா அதில் முதல் சொல்லைச் சொல்ல முடியாமல், 'இங்கே' என்று பொருள்படும் மற்றொரு மலாய்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "சினி! சினி!" என்று கத்துவாள்.

எதிரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் ராமநாதபுரத்துக் கரைப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். நாங்கள் நானா என்போம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். காலையில் அம்மா "சினி, சினி" என்று கத்துவது அவர் காதில் 'சீனி, சீனி' என்று விழும். பாவம், பிள்ளைக்குட்டிக்காரி, வீட்டைவிட்டு வர முடியாமல் வாசலிலிருந்தே கேட்கிறாள் என்று நினைத்து, பையன் கையில் சீனிப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் விஷயத்தை விளக்க வேண்டும். விளக்க வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா வாங்கி வைத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் ரசத்தைத் தவிர எல்லாவற்றிலும் சீனி இருந்த காலம் அது. "ஒங்க வீட்ல சீனி ரொம்பச் செலவாகுது போல, தங்கச்சி" என்று நானா ஒருமுறை கேட்டேவிட்டார். "பிள்ளைங்க தின்னுதுங்க நானா" என்று அம்மா பழியை எங்கள் மேல் போட்டாள். அந்த ஒரு பொய்யை மட்டும் நாங்கள் மனப்பூர்வமாக உண்மையாக்கினோம்.

நாங்கள் நான்கு பேர். அண்ணன், நான், தங்கச்சி, குட்டித் தம்பி. அம்மா வயிற்றில் இன்னொன்றும் இருந்தது. அண்ணனிடம் சோடாப் புட்டியை உடைத்து எடுத்த பச்சைக் கோலி ஒன்று இருந்தது. அம்மாவை அந்தச் சொல்லைச் சொல்லவைப்பவர்களுக்கு அதைத் தருவதாக அறிவித்தான். அன்றிலிருந்து வீட்டில் அம்மாவுக்கு நிம்மதி போயிற்று.

நான் எதுகை விளையாட்டு என்று தொடங்கினேன். "அம்மா, நான் சொல்ற மாதிரியே நீ ஒண்ணு சொல்லணும். ஏரி, பூரி, வாரி... அடுத்தது மா-வுல ஆரம்பிக்கணும்."

"மாங்கா" என்றாள் அம்மா. கையில் இருந்த மாங்காயை அரிவாள்மனையில் வைத்து ஒரே போடு போட்டாள்.

அண்ணன் படித்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதாகச் சொல்லி, "வானத்திலேர்ந்து பெய்யறதுக்கு இன்னொரு பேர் என்னம்மா?" என்றான். "தண்ணி" என்றாள். தங்கச்சிக்குச் சூது தெரியாது. அவள் நேரே போய், "அம்மா, அப்பா பேரைச் சொல்லேன், எனக்குக் கோலி கெடைக்கும்" என்று கேட்டு, எங்கள் மூவருக்கும் சேர்த்து அடி வாங்கிக்கொடுத்தாள். காட்டிக்கொடுப்பதில் அவளுக்கு இணை பிரிக்பீல்ட்ஸிலேயே கிடையாது.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஏம் புள்ள, ஒரு தடவதான் சொல்லேன். நான் என்ன செத்தா போயிடுவேன்?" என்றார். அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அந்த மாதம்தான் யார்டில் ஒருவர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் மாட்டிக் காலை இழந்திருந்தார். என்ஜின் இல்லாமல், தள்ளிவிட்ட வேகத்தில் தானாக உருண்டு வரும் பெட்டிகள் சத்தமே போடாது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அவர் வீடு வந்து சேரும்வரை அம்மா அடுப்படி ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவரைக் காப்பாற்ற அவளால் செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான். பெயரைச் சொல்லாமல் இருப்பது. அன்று எனக்கு அது புரிந்தது. புரிந்தாலும் கோலி மேல் இருந்த ஆசை போகவில்லை.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு வாய் வந்ததே மலாயில்தான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் கணவர் என்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர். அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் 'மக்சிக்' என்போம், சித்தி என்பதுபோல. காலையில் மக்சிக் மாவில் தோய்த்து வாழைப்பழம் பொரிப்பார். பொரித்ததும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து, "மாரி, மாக்கான்!" என்பார். வா, சாப்பிடு. அவ்வளவுதான், தம்பி எங்கே இருந்தாலும் வாயைத் திறந்துகொண்டே ஓடுவான். வாயை அங்கே போய்த் திறக்க நேரமாகும் என்று நினைத்தானோ என்னவோ.

தமிழில் 'வா' என்றால் அவன் நேர் எதிர்ப்பக்கம் ஓடுவான். அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் 'வாடா' என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் எண்ணெய்க் குளியலோ விளக்கெண்ணெயோதான் வந்தது. துரத்தினால் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடுவான். நாங்களும் மக்சிக் மாதிரி "மாரி, மாக்கான்" என்று கூப்பிட்டுப் பார்த்தோம். முதலில் வந்தான். வெறுங்கையைக் காட்டிச் சிரித்தோம். அதற்குப் பிறகு எங்கள் குரலில் அந்தச் சொல் செல்லாக்காசு ஆகிவிட்டது. நாங்கள் கூப்பிட்டால் ஒரு பார்வை பார்ப்பான், பெரிய மனிதன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மக்சிக்கின் தங்கைக்கு மேரு என்ற ஊரில் கல்யாணம் வந்தது. மக்சிக் கையில் பெட்டியோடு, வேலி ஓரமாகவே நடந்து ஸ்டேஷனுக்குப் போனார். தம்பி அம்மாவின் இடுப்பிலிருந்து அவர் போன வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலையில் வாழைப்பழமும் இல்லை, மக்சிக்கும் இல்லை. அவன் தேடிக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

முதலில் பார்த்தது தங்கச்சி. வழக்கமான காட்டிக்கொடுக்கும் குரலில், "அம்மா, தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போயிட்டான்" என்றாள். நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது, லோங்கான் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி, கம்பிக்குக் கீழே நுழைந்து, மேல்சட்டை மட்டும் போட்ட என் தம்பி தண்டவாளங்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தான்.

"வாடா! டேய், வாடா!" என்று அம்மா கத்தினாள். அவன் திரும்பிப் பார்த்தான். 'வாடா' என்றதும் அவனுக்கு எண்ணெய்க்கிண்ணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு அடுத்த தண்டவாளத்துக்கு ஓடினான்.

அண்ணன் வேலிக்குள் புகுந்துவிட்டான். அவன் வருவதைப் பார்த்த தம்பிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இன்னும் ஒரு தண்டவாளம் தள்ளி ஓடி, அதன் நடுவில் நின்று, வா பிடி என்பதுபோல் கையைத் தட்டினான். நான் "மாரி, மாக்கான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் பெட்டிகளைப் பார்த்தோம். மூன்று சரக்குப் பெட்டிகள். முன்னாலும் என்ஜின் இல்லை, பின்னாலும் இல்லை. அப்பா சொன்னதுபோலவே சத்தமில்லாமல் அந்தத் தண்டவாளத்தில் உருண்டு வந்துகொண்டிருந்தன. தூரத்தில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு பாயிண்டின் கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்தார்.

"டேய் பெரியவனே, நில்லுடா! தொரத்தாத!" என்றாள் அம்மா. அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். நிறைமாத வயிற்றோடு அம்மாவால் அந்தக் கம்பிக்குள் நுழைய முடியாது. யார்டு கேட்டு வழியாகச் சுற்றிப் போக நேரமும் இல்லை. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன், அவள் உதடு ஓசையில்லாமல் அசைந்ததைப் பார்த்தேன். யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று அவள் ஆத்தாவிடம் கேட்டிருப்பாள் என்று இன்றும் நம்புகிறேன்.

"மாரீ!" என்று கத்தினாள். "மாரி! மாக்கான்! மாரீ!"

தம்பியின் வாய் திறந்தது. இந்தக் குரல் அவனை ஒருநாளும் அந்தச் சொல்லால் ஏமாற்றியதில்லை. திறந்த வாயோடு குடுகுடுவென்று நேரே அம்மாவை நோக்கி ஓடிவந்தான். தண்டவாளத்தைத் தாண்டும்போது கால் தடுக்கி விழுந்தான். அண்ணன் அவனை அள்ளி எடுத்து வேலிப்பக்கம் வந்துவிட்டான். பெட்டிகள் அவர்களுக்குப் பின்னால் அவசரமே இல்லாமல் உருண்டு போயின.

பெட்டிகள் போன பிறகு பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்து அப்பா தொப்பி இல்லாமல் ஓடிவந்துகொண்டிருந்தார். நாள் முழுக்க எவன் 'மாரி' என்றாலும் திரும்பாத மனிதர் இந்தக் குரலுக்கு மட்டும் திரும்பியிருக்கிறார். கூப்பிட்டது ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொல்லாத குரல் என்று அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் அப்பா. நடுவில் அண்ணனின் இடுப்பில் தம்பி, இன்னும் வாயைத் திறந்தபடி, வாழைப்பழம் எங்கே என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னையா கூப்பிட்ட?" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது.

"ஒங்கள இல்ல. பிள்ளைய" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். தம்பியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டே, மற்றொரு கையை வேலிக்குள் விட்டு அப்பாவின் தோள், கை, விரல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் முன்னால் அவள் அவரைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். அப்பா வெட்கப்பட்டுப்போய் அண்ணனைப் பார்த்து, "என்னடா வேடிக்க? போங்கடா உள்ள" என்றார். குரலில் கோபமே இல்லை.

அன்று மாலை தம்பிக்கு நானாக் கடைச் சீனி போட்டு அம்மாவே வாழைப்பழம் பொரித்தாள். கோலி யாருக்கு என்று எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. சொல்லவைத்தது தம்பிதான் என்று அண்ணனே தீர்ப்புச் சொன்னான். விழுங்கிவிடுவான் என்பதால் அவன் சார்பில் தானே வைத்துக்கொள்வதாகவும் சொன்னான். அவன் எந்தத் தீர்ப்புச் சொன்னாலும் கோலி அவன் பையில்தான் இருக்கும்.

மறுநாள் அப்பாவை வேலைக்குப் போக வேண்டாம் என்றாள் அம்மா. அவர் சிரித்துவிட்டுப் போனார். அவள் அன்று பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆத்தா கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "அவன் சின்னப் பையன் ஆத்தா, அவனுக்கு மலாய்தான் தெரியும், நான் சொன்னது மலாய்தான்" என்று அவள் முணுமுணுத்ததை நான் கேட்டேன். பொழுது முழுவதும் ஜன்னலை விட்டு நகரவில்லை. சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது. நாங்கள் மூவரும் அன்று எந்தக் குறும்பும் செய்யாமல் இருந்தோம். அண்ணனே பாத்திரம் கழுவினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த சங்கு ஊதியது. ஆட்கள் கேட்டு வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் அப்பா வந்தார். இரண்டு கை, இரண்டு கால், தொப்பி, மீசை எல்லாம் சரியாக இருந்தன. வாசலுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே நுழையாமல் அம்மாவைப் பார்த்தார். அவர் மீசைக்குள் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றிருந்தாள். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நாங்கள் கதவுக்குப் பின்னால் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"மாரி" என்றாள், மெதுவாக. "மாக்கான்."

தம்பி அவள் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.